"எல்லாத்துலயும் எடுக்கும் தம்பி" என்று சொல்லித்தான் விற்றார்

வெள்ளிக்கிழமை ராத்திரி அக்கா மகன் சென்னையிலிருந்து போன் போட்டான். "மாமா, ஒரு டிஜே கன்ட்ரோலர் பாத்து வச்சிருக்கேன். செகண்ட்ஸ்தான். பதினெட்டாயிரம் சொல்றாங்க. வாங்கவா?"

"எந்த சாஃப்ட்வேர்ல வாசிக்கப் போற மாப்ள?"

"அது எல்லாத்துலயும் எடுக்குமாம் மாமா."

அதைக் கேட்டதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே வார்த்தையை நம்பி 2019-ல் ஒரு கல்யாண வரவேற்பில் நான் நின்ற நிலை அப்படி.

எங்கள் வீட்டுத் தொழில் மைக் செட். திண்டுக்கல்லைச் சுற்றி இருக்கிற ஊர்த் திருவிழா, காதுகுத்து, சடங்கு எல்லாவற்றுக்கும் அப்பா குழாய் ஸ்பீக்கர் கட்டி, தட்டு போட்டுப் பாட்டு ஓட்டியவர். நான் லேப்டாப்பும் ஒரு சின்ன கன்ட்ரோலருமாக டிஜே வேலைக்கு வந்தேன். இரண்டு தட்டும் நடுவில் ஒரு மிக்சரும் ஒரே பெட்டியில் இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல ஊசி எங்கடா?"

சின்னது போதவில்லை என்று, நாலு சேனல், பெரிய வட்டு, விரலால் தட்டுகிற பதினாறு பேட் வைத்த பழைய மாடல் ஒன்றை செகண்ட்ஸில் வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். விற்றவர் பெயரும் வேண்டாம், அவர் பொய் சொன்னதாகவும் நான் நினைக்கவில்லை. வீட்டில் புது லேப்டாப்பில் செருகினேன். விளக்கெல்லாம் எரிந்தது. வட்டைச் சுற்றினால் திரையில் பாட்டு முன்னே பின்னே போனது, ஃபேடரை ஏற்றினால் சத்தம் வந்தது. சத்தம் லேப்டாப் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது என்பதை நான் கவனிக்கவே இல்லை. மண்டபத்தில் போய் அவுட்புட் மாற்றிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன்.

மண்டபத்தில் செட்டிங்ஸைத் திறந்தால், அவுட்புட் பட்டியலில் லேப்டாப் ஸ்பீக்கர் மட்டும்தான் நிற்கிறது. கன்ட்ரோலரின் பெயரே இல்லை. பொண்ணு மாப்பிள்ளை மேடை ஏறப் பத்து நிமிடம். கன்ட்ரோலர் வழியாகச் சத்தம் போக கம்ப்யூட்டருக்கு வேண்டிய டிரைவர் புரோகிராமை போன் நெட்டில் தேடி இறக்கினேன். எட்டு வருஷப் பழசு, என் விண்டோஸுக்கு முந்தைய விண்டோஸோடு நின்றுபோன டிரைவர். இன்ஸ்டால் பாதியில் நின்றது. மறுபடி போட்டேன், மறுபடி நின்றது. எனக்கு வேர்த்து ஊற்ற, பின்னாலிருந்து அப்பா ஒன்றும் பேசாமல் வந்தார். தன் போனை மிக்சரின் ஐந்தாவது சேனலிலும் என் போனை ஆறாவதிலும் செருகினார். ஒன்றில் பாட்டு ஓட ஓட, அடுத்ததில் பாட்டைத் தேடி வைத்துக்கொண்டு, இரண்டு விரலால் ஒன்றை இறக்கி ஒன்றை ஏற்றினார். ஜோடி உள்ளே வந்தது, எல்லோரும் கைதட்டினார்கள், ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை.

அப்புறம் லேப்டாப்பின் ஹெட்போன் ஓட்டையிலிருந்தே மிக்சருக்கு வயர் இழுத்து மிச்ச ராத்திரியை ஓட்டினேன். ஸ்பீக்கருக்குப் பாட்டு போகும், ஆனால் அடுத்த பாட்டைக் காதில் கேட்டுப் பார்க்க வழியில்லை. நம் படங்களில் ஒரே பாட்டுக்கு சந்தோஷ வடிவம் ஒன்று, சோக வடிவம் ஒன்று இருக்குமே. கேக் வெட்டும்போது சோகம் ஓடியது. பொண்ணோட பெரியப்பா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணில் நிற்கிறது.

அன்றைக்குப் புரிந்ததைத்தான் மாப்ளையிடம் ஒரு மணி நேரம் சொன்னேன். "எடுக்கும்" என்பதில் மூன்று விஷயம் ஒளிந்திருக்கிறது.

கன்ட்ரோலர் பெட்டிக்குள் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று, கீபோர்டு மாதிரி: எந்தப் பட்டனை அமுக்கினாய், எவ்வளவு திருகினாய் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்வது. இது பெரும்பாலும் மிடி வழியாகப் போகும். 1983-ல் வந்த ஏற்பாடு, இன்றுவரை எல்லோருக்கும் புரிகிற பாஷை. அதனால்தான் எனக்கு விளக்கு எரிந்தது, வட்டு வேலை செய்தது. இரண்டாவது, சவுண்ட் கார்டு: ஸ்பீக்கருக்கு ஒரு ஜோடி, ஹெட்போனுக்குத் தனியாக ஒரு ஜோடி சத்தம் அனுப்புவது. விண்டோஸில் இதற்குப் பல மாடல்களுக்குத் தனி ஆசியோ டிரைவர் வேண்டும், மேக்கில் பெரும்பாலும் வேண்டியதில்லை. கன்ட்ரோலர் வயசாக ஆக முதலில் சாவது இந்த டிரைவர்தான். பெட்டி புதுசு மாதிரியே இருக்கும். ஆகவே செகண்ட்ஸ் வாங்கப் போனால் உன் லேப்டாப்பைக் கையோடு எடுத்துப் போ, ஹெட்போனை லேப்டாப்பில் செருகாதே, கன்ட்ரோலரில் செருகிக் கேள்.

மூன்றாவது லைசென்ஸ். இதில்தான் காசு போகும். டிடிஜே-400 என்று பயனியர் 2018-ல் கொண்டுவந்தது ரெக்கார்ட்பாக்ஸ் என்கிற டிஜே சாஃப்ட்வேருக்கென்றே செய்தது. அதற்குப் பின்னால் வந்த எஃப்எல்எக்ஸ்4 ரெக்கார்ட்பாக்ஸ், செராட்டோ என்கிற இன்னொரு சாஃப்ட்வேர் இரண்டுக்கும் சேரும். ஆனால் சேர்வது ஒரே மாதிரி இல்லை. செருகினால் ரெக்கார்ட்பாக்ஸில் வாசிக்கிற பகுதி தனியாகக் காசு இல்லாமல் திறந்துகொள்ளும். செராட்டோவில் லைட் என்கிற எளிய வடிவம் மட்டும்தான் திறக்கும், ப்ரோ வேண்டுமென்றால் தனியாகப் பணம் கட்ட வேண்டும். லைட் போதாதா என்றால், அதில் ரெக்கார்டிங் கிடையாது. "அண்ணே, ஆடியோ மட்டும் பென்டிரைவ்ல குடுங்க" என்று வீடியோக்காரர் வந்து நிற்கும்போது அதன் அருமை தெரியும். கன்ட்ரோல் எஸ்2 எம்கே3 என்ற பெட்டி, டிராக்டர் என்கிற சாஃப்ட்வேருக்கென்று அதைச் செய்த கம்பெனியே செய்தது. வர்ச்சுவல் டிஜே ஊரில் இருக்கிற பெரும்பாலான பெட்டிகளை அடையாளம் கண்டுகொள்ளும், ஆனால் சம்பாதிக்க வாசிப்பதென்றால் லைசென்ஸ் எடுக்க வேண்டும். மிக்ஸ் என்று ஒன்று உண்டு, பெயரில் மூன்று எக்ஸ் வரும், முழுக்க இலவசம், லினக்ஸிலும் ஓடும். பட்டன் எது எதற்கு என்று நாமே மேப்பிங் எழுதலாம். நான் ஒரு மழைக்கால வாரம் முழுக்க என் பழைய பெட்டிக்கு எழுதிப் பார்த்தேன். பட்டனெல்லாம் அரை மணியில் முடிந்தது. வட்டை மட்டும் நாலு நாள். ஸ்கிராட்ச் பண்ணினால் பாட்டு குடித்தவன் மாதிரி தள்ளாடியது.

இன்னொன்றும் உண்டு, இதைக் கடையில் யாரும் சொல்ல மாட்டார்கள். சாதாரண மிடியில் ஒரு திருகு 0 முதல் 127 வரைதான் எண் அனுப்பும். பாட்டின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கிற பிட்ச் ஃபேடரை ஏறவும் இறங்கவும் 8 சதவீதம் என்று வைத்தால், மொத்தம் 16 சதவீதத்தை 127 படியில் பிரிக்கிறாய். நிமிடத்துக்கு 120 அடி, அதாவது 120 பிபிஎம் பாட்டில் ஒரு படிக்கு 0.15 பிபிஎம். ஒரு படி தப்பினால் ஒரு நிமிடத்தில் அடியில் ஏழில் ஒரு பங்கு விலகிவிடும், காதுக்கு அது குதிரை ஓட்டம். நல்ல பெட்டிகள் இரண்டு எண்ணைச் சேர்த்து 16,384 படியாக அனுப்பும்.

"சிங்க் பட்டன் இருக்கே மாமா, ஃபேடர் எதுக்கு?" என்றான். கிளப்பில் போடுகிற மெஷின் தாளப் பாட்டுக்கு, இரண்டு பாட்டின் அடியையும் தானே சேர்த்துவிடுகிற சிங்க் சரி. எனக்குக் கூட்டம் எழுந்து ஆடுவது எண்பதுகளின் பாட்டுக்கு. ஆட்கள் உட்கார்ந்து கையால் வாசித்தது. பல்லவியில் ஒரு வேகம், சரணத்தில் கொஞ்சம் தளர்ந்து, கடைசியில் உற்சாகத்தில் ஓடும். அடி எங்கெங்கே விழும் என்று சாஃப்ட்வேர் போடுகிற கட்டம் முதல் இருபது அடிக்குப் பொருந்தும், பிறகு நழுவும். குத்துப் பாட்டில் இன்னும் கூத்து: மும்மூன்றாக வருகிற தாளத்தை இரண்டிரண்டாக எண்ணி, 96-ஐ 144 என்று காட்டும். சிங்க் போட்டால் பாட்டு சாமியாடும். ரெக்கார்ட்பாக்ஸில் டைனமிக் என்று ஒரு அலசல் முறை இருக்கிறது, செராட்டோவில் நடு நடுவே குறி வைத்துக் கட்டத்தை வளைக்கலாம். முந்நூறு பாட்டுக்கு உட்கார்ந்து வளைத்து வைத்திருக்கிறேன். அதனால்தான் எனக்குப் பதினாறு கலர் பேடை விட நீளமான ஃபேடரும் பதமான வட்டும் முக்கியம்.

வளைத்ததெல்லாம், பாட்டில் வேண்டிய இடத்துக்குக் குறியாக க்யூ வைத்ததெல்லாம் அந்தந்த சாஃப்ட்வேருக்குள் இருக்கிறது. மாற்றித் தருகிற புரோகிராம்கள் இருக்கின்றன, ஆனால் மாற்றிய பிறகு ஒவ்வொரு பாட்டாகச் சரிபார்க்காமல் நான் மேடைக்குப் போக மாட்டேன். பெட்டியை ஒரே நாளில் விற்று வேறு வாங்கிவிடலாம், சாஃப்ட்வேரை அப்படி மாற்ற முடியாது.

மாப்ளைக்கு ஆசை கிளப்பில் வாசிக்க. பெரும்பாலும் அங்கே லேப்டாப்பே வேண்டாம், ரெக்கார்ட்பாக்ஸில் பாட்டைத் தயார் பண்ணி பென்டிரைவில் ஏற்றிப் போய் அவர்களின் சிடிஜே பிளேயரில் செருகினால் போதும். ஆக அவனுக்கு ரெக்கார்ட்பாக்ஸ். சும்மா நான் செராட்டோ வைத்திருக்கிறேன் என்பதற்காக அவனும் அதை வாங்க வேண்டியதில்லை.

"அந்தப் பதினெட்டாயிரம் பெட்டியோட முழுப் பேரையும் அனுப்பு" என்றேன். மாடல் பெயரில் எம்கே2-வா எம்கே3-யா என்பதுகூட வேறு பெட்டி. அனுப்பினான். சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆதரவுப் பட்டியலில் தேடினேன், இருந்தது. அப்புறம் பெட்டி செய்தவர்களின் டிரைவர் பக்கத்தைத் திறந்தேன். கடைசி டிரைவர் விண்டோஸ் 8-க்கு.

"வேண்டாம்டா."

"அவரு பதினாறுக்குத் தர்றேன்னு சொல்றாரு மாமா."

இன்னும் கொஞ்சம் காசு சேர்த்துப் புது எஃப்எல்எக்ஸ்4 வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதில் சிவப்பும் வெள்ளையுமான ஆர்சிஏ அவுட் மட்டும்தான் என்பதால் பெரிய மண்டபத்தில் நீள வயர் இழுத்தால் உறுமும், அந்த உறுமலைத் தடுக்கிற டிஐ பாக்ஸ் ஒன்று சேர்த்துக்கொள்ள வேண்டும். அவன் அறைக்கு அது இப்போதைக்குத் தேவையில்லை.

நான் இப்போது வைத்திருக்கும் பெட்டி ஒரு நாளும் மண்டபத்தில் காலை வாரியதில்லை. இருந்தாலும் அப்பா இன்றைக்கும் வேன் ஏறும்போது இரண்டு போனையும் நூறு சதவீதம் சார்ஜ் போட்டு, இரண்டு ஆக்ஸ் வயரையும் மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டுதான் வருகிறார்.