ஸ்பீடு டெஸ்டில் 190, டவுன்லோடில் 20

புதிய இணைய இணைப்புக்காக மூன்று வாரம், ஐந்து புகார், இரண்டு முறை ஆள் வந்து போனது. இத்தனைக்கும் பிறகு நேற்று இரவுதான் ஒரு வீடியோ அழைப்பு உறையாமல் முடிந்தது. வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

என் பழைய இணைப்பு 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேகக் கணக்கு). வேறு நிறுவனத்தில் 200 எம்பிபிஎஸ் ஃபைபர் எடுத்தேன். விண்ணப்பம், கேபிள் இழுப்பது எல்லாம் ஒரே நாளில் முடிந்தன. பழையதை ஒரு மாதம் துண்டிக்காமல் வைத்திருக்க முடிவு செய்தேன். அந்த முடிவுதான் பின்னால் கைகொடுத்தது.

முதல் இரவே, எட்டு மணிக்கு மேல் புதிய இணைப்பு படுத்துவிட்டது. வாடிக்கையாளர் சேவையில் எப்போது கூப்பிட்டாலும் "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க" என்பதுதான் பதில். ஆள் வந்தார், அதுவும் காலை பதினோரு மணிக்கு! போனில் ஸ்பீடு டெஸ்ட் ஓட்டி, 190 என்று காட்டி, புகாரை மூடிவிட்டுப் போனார். இரண்டாம் முறையும் அதே கதை. அடுத்து, "உங்க வைஃபைதான் பிரச்சினை" என்றார்கள்.

சரி, வைஃபையே வேண்டாம் என்று மடிக்கணினியில் லேன் கேபிளைச் செருகினேன். பகலிலேயே 94க்கு மேல் ஏறவில்லை. 94 என்ற எண்ணில் அப்படியே நின்றால் கேபிளைத்தான் முதலில் பாருங்கள். உள்ளே எட்டுக் கம்பிகளும் சரியாக இல்லையென்றால் அது 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். கேபிளை மாற்றியதும் பகலில் 195 வந்தது. இரவு டவுன்லோடு மட்டும் பழையபடி 20தான்.

ஆனால் அதே இரவில் ஸ்பீடு டெஸ்ட் 190 காட்டியது! இங்கேதான் விஷயம் பிடிபட்டது. டெஸ்ட் தானாகத் தேர்ந்தெடுக்கும் சர்வர் பெரும்பாலும் பக்கத்தில் இருப்பது. பல நேரம் அது நம் நிறுவனத்தின் வலைக்குள்ளேயே (நெட்வொர்க்குக்குள்ளேயே) இருக்கும். ஆகவே வீட்டுக்கும் நிறுவனத்துக்கும் நடுவே கோளாறு இல்லை. அவர்கள் வலை வெளி வலைகளோடு சேருகிற இடத்தில்தான் நெரிசல். எந்தெந்த வலைகளோடு நேரடியாக இணைந்திருக்கிறார்கள், அந்த இணைப்பு எவ்வளவு பெரியது என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். விளம்பரத்தில் போடும் எண் இதைச் சொல்லாது. ஒரே நேரத்தில், வெளியே இருக்கும் ஒரே சர்வரை வைத்து அளந்தால், என் பழைய 100 இணைப்பில் 88 வந்தது. புதிய 200இல் 20.

அப்புறம் ட்ரேஸ்ரூட் ஓட்டினேன். தரவு எந்தெந்த ரவுட்டர் வழியாகப் போகிறது, ஒவ்வொன்றிலிருந்தும் பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று வரிவரியாகக் காட்டும் சோதனை அது. நிறுவனத்தின் வலையைத் தாண்டும் இடத்தில் 12 மில்லிசெகண்ட் திடீரென 140 ஆனது, கடைசிவரை அப்படியே போனது. நடுவில் ஒரே ஒரு வரியில் மட்டும் எண் எகிறினால் பதற வேண்டாம். சில ரவுட்டர்கள் இந்தச் சோதனைக்கு மெதுவாகத்தான் பதில் சொல்லும். ஏறியது இறங்காமல் கடைசிவரை நீடிக்கிறதா என்பதுதான் கணக்கு.

ஏழு நாள் மதியமும் இரவு ஒன்பதுக்கும் அளந்து, இரண்டு இணைப்பின் எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினேன். போனில் பேசுவதை விட்டுவிட்டு மின்னஞ்சலில் அனுப்பினேன். "சரியானது என்று நான் எழுதித் தராமல் புகாரை மூடக் கூடாது, சோதிப்பதானால் இரவு ஒன்பது மணிக்குச் சோதியுங்கள்" என்று சேர்த்து எழுதினேன். ரவுட்டரைப் பற்றி அதற்குப் பிறகு ஒருவரும் பேசவில்லை. நெட்வொர்க் பிரிவிலிருந்தே ஒருவர் கூப்பிட்டார். ட்ரேஸ்ரூட்டில் எத்தனையாவது வரி என்று கேட்டார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பாதி பாரம் இறங்கியது. நான்காம் நாள் வழித்தடத்தை மாற்றினார்கள்.

நேற்று இரவு ஒன்பது மணிக்கு வெளி சர்வரில் 165. பழைய இணைப்பை இன்னும் துண்டிக்கவில்லை. மாதக் கடைசி வரை தினமும் அளந்து பார்த்த பிறகே அந்தப் பேச்சு.