ஒட்டுக்கடை மேசை

நேற்று மாலை பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில், ஒட்டுக்கடை எனும் சிறு சாப்பாட்டுக் கடை ஒன்றில் ஐந்து பேர் கூடினோம். தம்பி ஒருவன் புதுக்கவிதை படிக்கப் படிக்க, ஓவியம் பயிலும் தங்கச்சி பில்லின் பின்பக்கத்தில் அவன் முகத்தைப் பேனாவாலேயே வரைந்துவிட்டாள். மூக்கு அப்படியே அவன் மூக்கு! தே தாரிக் எனும் இழுத்து ஆற்றிய பால் தேநீர் ஆறி ஆடை படிந்தது, யாரும் தொடவில்லை.

1947இல் கட்டிய ஹின் பேருந்துப் பணிமனை 2014இல் கலைக்கூடமானது பினாங்குக் கலைஞர்களுக்குப் பெரிய வரம். ஆனால் கண்காட்சிக்குப் போகும் முன் ஒரு படைப்புக்கு இந்த மாதிரி மேசையும் வேண்டும். ஆளுக்கொரு தேயோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கடைக்கார அண்ணன் முகம் சுளிக்கவில்லை. "இருங்க பிள்ளைகளா, அந்தக் கவிதைய முடிச்சிட்டுப் போங்க" என்றார்.

அடுத்த சனிக்கிழமையும் அங்கேதான். எழுதுகிறவர்கள், வரைகிறவர்கள் வாங்க.