ரோபோ கை ஒயிட்போர்டு துடைக்கிறதுக்குள்ள நாங்க பட்ட பாடு

ரோபாட்டிக்ஸ் ஆராய்ச்சில கன்ட்ரோல் இன்ஜினியரா இருக்கேன்னு சொன்னா சொந்தக்காரங்க உடனே "ஓ, ஏஐயா"ன்னு கேப்பாங்க. கேமரால பாக்கறது, எங்க போகணும்னு முடிவெடுக்கறது எல்லாம் பக்கத்து டீம். அந்த முடிவை மோட்டாருக்கு கரண்டா மாத்தி கை நடுங்காம போய்ச் சேர வைக்கிறதுதான் என் வேலை. செகண்டுக்கு 1000 தடவை சென்சாரைப் படிக்கணும், கணக்குப் போடணும், ஏழு ஜாயின்ட்டுக்கும் டார்க் (சுழற்ற வைக்கிற விசை) அனுப்பணும், திரும்பத் திரும்ப ஓடற இந்தச் சுத்துதான் லூப். நாள் பூரா அப்படி என்னதான் பண்றீங்கன்னு ஜூனியர் பசங்க கேட்டுட்டே இருக்காங்க, அதனால சமீபத்துல முடிச்ச ஒரு வேலையை அப்படியே எழுதறேன்.

டாஸ்க்கைக் கேட்டா சிரிப்பீங்க. ஒயிட்போர்டு துடைக்கணும். லேப்லயே கட்டின கை, நுனில டஸ்டர், 10 நியூட்டன் அழுத்தம் மாறாம போர்டு மேல போகணும், 10 நியூட்டன்னா ஒரு கிலோ எடைக்கு கிட்டத்தட்ட சமம். சொன்ன இடத்துக்குப் போறதை மட்டும் பாக்கற வெறும் பொசிஷன் கன்ட்ரோல்ல இது நடக்காது, போர்டு நாம நினைச்சதைவிட 2 மில்லிமீட்டர் முன்னாடி இருந்தா கை போர்டை உடைக்கப் பாக்கும், 2 மில்லிமீட்டர் பின்னாடி இருந்தா தொடவே தொடாது. அதனால இம்பீடன்ஸ் கன்ட்ரோல். எம்ஐடில நெவில் ஹோகன் 1985ல எழுதினது, கை நுனில ஸ்ப்ரிங்கும் டேம்பரும் (ஆட்டத்தை அடக்கற ஷாக் அப்சார்பர் மாதிரி) இருந்தா எப்படி நடந்துக்குமோ அப்படி நடந்துக்க வைக்கிறது. பேப்பர்ல நாலு வரி சமன்பாடுதான். அந்த நாலு வரி வேலை செய்யணும்னா நாம கேட்ட டார்க் ஜாயின்ட்ல நிஜமாவே வரணும், பிரச்சனை மொத்தமும் அங்கதான்.

முதல்ல கிராவிட்டி காம்பன்சேஷன். கையோட எடையைத் தாங்கற அளவுக்கு மட்டும் டார்க் குடுத்தா கை அந்தரத்துல நிக்கும், விரலால தள்ளினா நகரும். அது நின்னப்ப லேப்ல எல்லாரும் வந்து ஒரு தடவை தள்ளிப் பாத்துட்டுப் போனாங்க. ஆனா தள்ளறது லேசா இல்ல, மாவுல கைய விட்ட மாதிரி இழுத்துச்சு. காரணம் கியர். ஒவ்வொரு ஜாயின்ட்லயும் 100:1 ஹார்மோனிக் டிரைவ் (மோட்டார் 100 சுத்து சுத்தினா ஜாயின்ட் ஒரு சுத்து சுத்தற கியர்), மோட்டாரோட இனர்ஷியா, அதாவது அசைய மறுக்கற குணம், இந்தப் பக்கம் 100ஐ 100ஆல பெருக்கி 10,000 மடங்கா தெரியும், அது பத்தாதுன்னு உராய்வு வேற.

உராய்வை அளக்கறது பொறுமையான வேலை. ஒரு ஜாயின்ட்டை சீரான வேகத்துல முன்னாடி ஓட்டணும், அதே வேகத்துல பின்னாடி ஓட்டணும், ரெண்டுக்கும் ஆன கரண்டைக் குறிச்சுக்கணும். ஒரே கோணத்துல ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா கிராவிட்டி பங்கு, கழிச்சு பாதியாக்கினா உராய்வு. இப்படி பல வேகத்துல எடுத்தா ஒரு வளைவு கிடைக்கும், நிக்கற நிலைல இருந்து கிளம்பறப்ப அதிகம், கொஞ்சம் நகர்ந்ததும் குறையும், வேகம் ஏற ஏற மறுபடி ஏறும். இதுல ஒரு வம்பு, காலைல ஓட்டின உடனே எடுத்த வளைவும் அரை மணி நேரம் ஓடி கிரீஸ் சூடானப்புறம் எடுத்த வளைவும் ஒத்துப் போகாது. அதனால இப்ப எங்க லேப்ல எந்த சோதனைக்கும் முன்னாடி கையை சும்மா ஆட்டி வார்ம்அப் பண்றது கட்டாயம்.

இதெல்லாம் முடிஞ்சு போர்டைத் தொட விட்டா, டட்டட்டட்டட்னு ஒரு சத்தம். டஸ்டர் போர்டுல பட்டுத் தெறிக்குது, திரும்பப் போய் முட்டுது. ரெட் பட்டன் கைல வெச்சிருந்த பையன் அமுக்கிட்டான், பிரேக் 'டக்'குனு விழுந்துச்சு. அவன் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட் லேர்னிங் (தானே முயற்சி பண்ணிக் கத்துக்கற ஏஐ) பண்றவன், "அக்கா, சிமுலேஷன்ல சூப்பரா ஓடுது, கெயினைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்களேன்"ன்னான். கெயின்னா பிழையைப் பாத்து எவ்வளவு பலமா பதில் குடுக்கணும்ங்கற எண், எல்லாரும் முதல்ல சொல்றது இதைத்தான். கெயினைக் குறைச்சா சத்தம் நிக்கும், அழுத்தமும் போயிடும், அப்புறம் போர்டு எப்படி சுத்தமாகும்? காலேஜ்ல படிச்ச 1942ஆம் வருஷத்து ஜீக்லர்-நிக்கல்ஸ் முறைல, அது கெயினை முடிவு பண்ற முறை, ஆட்டம் வர்ற வரைக்கும் கெயினை ஏத்துன்னு இருக்கும், அதை இந்தக் கைல செஞ்சா அடுத்த பட்ஜெட்லதான் புது கியர் வாங்கணும்.

லாக்கைத் திறந்து பாத்தேன். ஃபோர்ஸ் கிராஃப்ல ரெண்டு உச்சிக்கு நடுவுல 50 மில்லிசெகண்ட், அப்ப 20 ஹெர்ட்ஸ். அந்த வேகத்துல லூப்புக்குள்ள வெறும் 5 மில்லிசெகண்ட் தாமதம் இருந்தாலே 36 டிகிரி ஃபேஸ் போயிடும், அதாவது ஒரு முழு ஆட்டம் 360 டிகிரின்னா நம்ம பதில் அதுல 36 டிகிரி பிந்தும், போர்டு மாதிரி விறைப்பான பொருளைத் தொடறப்ப அந்த 36 டிகிரிதான் சோறு போடுறது. ஆனா லூப் 1 கிலோஹெர்ட்ஸ்ல ஓடுது, 5 மில்லிசெகண்ட் எங்கருந்து வரும்?

ரெண்டு இடத்துல இருந்து வந்துச்சு. மோட்டார் டிரைவ் உள்ளயே டார்க் சென்சார் சிக்னலுக்கு ஒரு லோபாஸ் ஃபில்டர் (வேகமான ஆட்டத்தை வடிகட்டறது), வரும்போதே 30 ஹெர்ட்ஸ்ல வெச்சு அனுப்பியிருக்காங்க, மேனுவல்ல கடைசிப் பக்கம் பக்கமா ஒரு டேபிள்ல மட்டும் இருக்கு. 30 ஹெர்ட்ஸ் ஃபில்டர் ஒண்ணே சுமார் 5 மில்லிசெகண்ட் தாமதத்துக்குச் சமம். கிராஃப் வழவழன்னு அழகா இருந்துச்சே, சந்தேகமே வரல யாருக்கும். இன்னொண்ணு கம்ப்யூட்டர். ரியல்டைம் கெர்னல், அதாவது நேரம் தவறாம வேலையை ஓட்டற லினக்ஸ்தான் போட்டிருந்தோம் (அதுக்கான பிரீஎம்ப்ட் ஆர்டி இப்ப 2024ல வந்த லினக்ஸ் 6.12லயே சேந்துடுச்சு, முன்ன மாதிரி தனியா பேட்ச் போட்டு அல்லாட வேண்டாம்), ஆனா சராசரி நேரத்தைப் பாத்தா 1 மில்லிசெகண்ட் கரெக்டா இருக்கும், எந்த நேரம் எத்தனை தடவை வந்துச்சுன்னு ஹிஸ்டோகிராம் போட்டா வலது பக்கம் ஒரு வால், எப்பவாவது 3 மில்லிசெகண்ட். சிபியு கரண்ட் மிச்சம் பண்ண தூங்கப் போயிட்டு எந்திரிக்க லேட்டாகுது, அதே கோர்ல லாக் எழுதற புரோகிராமும் உக்காந்திருக்கு. பயாஸ்ல தூக்கத்தை அணைச்சு, கன்ட்ரோல் லூப்புக்குன்னு ஒரு கோரை ஒதுக்கினதும் வால் காணாமப் போச்சு.

ஃபில்டரை 200 ஹெர்ட்ஸுக்கு ஏத்தினோம், தாமதம் 1 மில்லிசெகண்டுக்குக் கீழ. கூடவே இரைச்சல் வந்துச்சு, கியரோட ரெசனன்ஸும் (அது தானா அதிர்ற ஃப்ரீக்வென்சி) தலை காட்டுச்சு. ஒரே ஒரு ஃப்ரீக்வென்சியை மட்டும் வெட்டற நாட்ச் ஃபில்டர் போடலாம்னா கை நீட்டினா ஒரு ஃப்ரீக்வென்சி, மடக்கினா இன்னொண்ணு, ஒரே இடத்துல நிக்க மாட்டேங்குது. டேம்பிங்கை ஏத்தலாம்னா வேகம் சுத்தமா தெரியணும். எங்க ஜாயின்ட் பக்கத்து என்கோடர் (கோணத்தை எண்ணிச் சொல்ற சென்சார்) சுத்துக்கு 4096 கவுன்ட், மில்லிசெகண்டுக்கு ஒரு கவுன்ட் நகர்ந்தாலே செகண்டுக்கு 1.5 ரேடியன் வேகம்னு காட்டும், துடைக்கிற வேகமே அவ்வளவு கிடையாது. அதே கவுன்ட் மோட்டார் பக்கம் இருந்தா கியர் புண்ணியத்துல 100ல ஒரு பங்கு, 0.015. வேகத்தை மட்டும் அங்கருந்து எடுத்ததும் டேம்பிங் ஏத்த இடம் கிடைச்சுது.

மிச்சமிருந்த லேசான அதிர்வுக்கு மெஷின் ஷாப் அண்ணன் வந்து பாத்தாரு, "டஸ்டருக்குப் பின்னாடி ஒரு ஸ்பான்ஜ் வைங்கம்மா"ன்னாரு. வெச்சோம். போயிடுச்சு. பிஎச்டி பண்ணவங்க நாலு பேர் சுத்தி நின்னுட்டிருந்தோம் அப்ப.

இப்ப அந்தப் பையனோட பாலிசி (ஏஐ கத்துக்கிட்ட புரோகிராம்) செகண்டுக்கு 50 தடவை எங்க போகணும்னு சொல்லுது, கீழ என் லூப் 1000 தடவை ஓடுது, நடுவுல அவன் எண் எவ்வளவு பைத்தியமா இருந்தாலும் டார்க்கை வெட்டி நிறுத்தற ஒரு லிமிட். அந்த லிமிட்டைத் தூக்கச் சொல்லி வாராவாரம் கேக்கறான், நான் தர்றதா இல்ல. அழுத்தம் 10 நியூட்டன்ல இருந்து ஒண்ணு முன்னப்பின்ன இருக்கு, போர்டோட ஓரத்துல ஃப்ரேம் தட்டற இடத்துல மட்டும் இன்னும் துள்ளுது, அடுத்த மாசம் அதைப் பாக்கணும்.