சானல் 16: தூத்தூர்க் கரையில் இரண்டு மாதம்

அனந்தபுரி எக்ஸ்பிரஸ் குழித்துறையில் இறக்கிவிட்டபோது நல்ல மழை. ஜூன் முதல் வாரம். மார்த்தாண்டம் பேருந்து நிலையத்தில் ஒரு கட்டன்காப்பி குடித்துவிட்டுக் கடலோரப் பேருந்தில் ஏறினேன். ரப்பர், வாழை, மரச்சீனி என்று பச்சையாகவே போய்க்கொண்டிருந்த வழி, தென்னைகள் நெருங்கியதும் சட்டென்று கடலில் முட்டி நின்றது.

குமரி மாவட்டத்து மேற்குக் கரையில் நீரோடியிலிருந்து இரயுமன்துறை வரை எட்டு மீனவ ஊர்கள். மொத்தமாகத் தூத்தூர்ப் பகுதி என்பார்கள். எந்த ஊர் எங்கே முடிகிறது என்பது வெளியூர்க்காரருக்குப் பிடிபடாது. கோயில் கோபுரங்களை வைத்துத்தான் நான் கண்டுபிடிக்கப் பழகினேன். சென்னையில் என்னோடு மறைப்பணிக்குப் பயிற்சி எடுத்தவர்களில் சிலர் ஆங்கிலம் கற்பிக்க வெளிநாடுகளுக்குப் போனார்கள். நான் இந்தக் கரையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். பங்குக் கோயிலுக்குப் பின்னால் ஒரு வீட்டில் அறை கொடுத்தார்கள்.

இந்தக் கரைக்கு 1544-இல் வந்தவர் பிரான்சிஸ் சவேரியார். ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். என் மனதில் நின்றது வேறொன்று. அதற்கு முன்பு தமிழ் தெரியாமல் கிழக்குக் கரைக்கு வந்த அவர், ஜெபங்களைத் தமிழில் எழுத வைத்து மனப்பாடம் செய்தார். பிறகு கையில் மணியை ஆட்டிக்கொண்டு தெருவில் போய்ப் பிள்ளைகளைக் கூட்டினார். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலில் உட்கார்ந்து கற்றுக்கொண்டார். அந்த இரண்டு மாதமும் இதை அடிக்கடி நினைத்துக்கொண்டேன்.

விடியும் முன்பே திருப்பலி மணி அடிக்கும். காலையில் வீட்டம்மா மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளைக் கறி ஊற்றித் தருவார். "இன்னும் கொஞ்சம் வையுங்க மக்களே" என்று கரண்டியோடு பக்கத்திலேயே நிற்பார். மாலை நான்கரைக்குப் பள்ளிப் பிள்ளைகள். அவர்களுக்குக் கதை, பாட்டு, வாசிப்பு. அந்த வகுப்பு முதல் நாளிலிருந்தே நன்றாகப் போனது. ஏழு மணிக்கு ஆண்கள் வருவார்கள்.

ஆண்கள் வகுப்புக்குக் காரணம் தடைக்காலம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. வருடத்தின் மற்ற நாட்களில் இவர்களை ஊரில் சேர்ந்தாற்போல் பார்க்க முடியாது. லட்சத்தீவைத் தாண்டி, சிலநேரம் இந்தியப் பெருங்கடல் நடுவே இருக்கும் டீகோ கார்சியா தீவுப் பக்கம் வரைக்கும் போய், வாரக்கணக்கில் தங்கித் தொழில் செய்பவர்கள். நான் முதல் நாள் கரும்பலகையில் ஆங்கில வினைச்சொற்களின் மூன்று காலங்களையும் எழுதினேன். மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் பாதிப் பேர்தான் வந்தார்கள்.

வந்தவர்களில் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஸ்ராங்க் (படகை நடத்துபவர்) ஒருவர் கேட்டார்: "டீச்சரே, வயர்லெஸ்ல கப்பக்காரன்கிட்ட எப்படிப் பேசணும்? அதச் சொல்லித் தாங்க."

அப்போதுதான் எனக்கு விஷயம் புரிந்தது. படகில் இருக்கும் விஎச்எஃப் வயர்லெஸ் கருவி சில பத்து கிலோமீட்டருக்குத்தான் எட்டும். ஆழ்கடலிலிருந்து கரைக்கு எட்டாது. ஒரு படகு சொல்வதை அடுத்த படகு வாங்கிக் கைமாற்றிக் கைமாற்றித்தான் சேதி நகரும். பக்கத்தில் நம் படகு எதுவும் இல்லையென்றால், கேட்கக்கூடியது அந்த வழியே போகும் ஏதாவது ஒரு நாட்டுச் சரக்குக் கப்பல்தான். அவர்கள் காது கொடுத்திருப்பது ஆபத்து அழைப்புக்கான சானல் 16-இல். அங்கே தமிழ் செல்லாது.

வீட்டம்மாவின் தம்பி 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயலில் போனவர். படகும் வரவில்லை, உடலும் வரவில்லை. கரைக்கு வந்த எச்சரிக்கை, பல நாள் முன்பே கடலுக்குப் போயிருந்தவர்களுக்குச் சேரவே இல்லை. அந்த நாட்களைப் பற்றி வகுப்பில் யாரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. ஆனால் ஸ்ராங்க் கேட்ட கேள்வி எங்கிருந்து வந்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

வினைச்சொற்களை அழித்துவிட்டேன். உயிராபத்து என்று அறிவிக்கும் "மேடே" மூன்று முறை, படகின் பெயர், இருக்கும் இடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். ஜிபிஎஸ் எண்களை வாசிப்பதில் அவர்கள் எனக்கு ஆசிரியர்கள், டிகிரியும் மினிட்டும் அவர்களுக்குத் தண்ணீர் பட்ட பாடு. சிக்கல் ஒலியில்தான். சிக்ஸ்டீன், சிக்ஸ்டி இரண்டும் இரைச்சலில் ஒன்றாகக் கேட்கும், அதனால் 'ஒன் சிக்ஸ்'. ஃபைவோடு குழம்பாமலிருக்க ஒன்பதுக்கு 'நைனர்'. பதிவெண்ணில் வரும் எம், என் எழுத்துகளுக்கு 'மைக்', 'நவம்பர்'. அடுத்த வாரம் தெருவில் பையன்கள் ஒருவரையொருவர் "டேங்கோ நவம்பர்" என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடினார்கள்.

வகுப்பறையில் எல்லோரும் நன்றாகச் சொன்னார்கள். ஸ்ராங்குக்குத் திருப்தியில்லை. ஒரு சாயங்காலம் எங்களைத் தூண்டில் வளைவுக்கு, கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட பாறைச் சுவருக்கு, கூட்டிக்கொண்டு போனார். ஜூலைக் கடல் பாறைகளில் ஏறி ஏறி அடித்துக்கொண்டிருந்தது. ஐம்பது அடி தள்ளி நின்று ஒருவர் கத்த, மற்றவர் எழுத வேண்டும். நான் எழுதித் தந்த நீளமான வாக்கியங்கள் ஒன்றுகூடக் கேட்கவில்லை. "மேடே" கேட்டது, எண்கள் கேட்டன, அவ்வளவுதான். "பாத்தீங்களா? மேடே முடிஞ்சு, போட்டோட பேரு சொன்னதும் எடம் வந்திரணும். மிச்சமெல்லாம் பெறவு" என்றார். நனைந்த நோட்டில் அங்கேயே நின்று வாக்கியங்களை வெட்டினேன். 'திஸ் இஸ்', 'சிங்கிங்', 'நீட் ஹெல்ப்', 'டுவெல்வ் மென்'. பத்து வருடமாக ஆங்கிலம் கற்பிக்கிறேன். ஒரு சொல் கூடுதலாக இருந்தால் அதற்கு என்ன விலை என்று அந்தப் பாறை மேல் நின்றபோதுதான் பார்த்தேன்.

அடுத்த நாள் பெண்கள் நான்கு பேர் வந்து பின் வரிசையில் உட்கார்ந்தார்கள். வீட்டம்மாவும் அவர்களில் ஒருவர். கரையில் இருப்பவர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்று மட்டும் சொன்னார்.

ஜூலை 31 இரவு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்தில் ஐஸ் ஏற்றும் சத்தம் ஓயவில்லை. டீசல், தண்ணீர்க் கேன், அரிசி, தூண்டில் பெட்டிகள். ஸ்ராங்க் என்னைப் படகுக்குள் கூப்பிட்டுக் காட்டினார். நான் கொடுத்த அட்டையின் பின்பக்கத்தில் எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் தன் கையால் எழுதி, வயர்லெஸ்ஸுக்கு மேலே டேப் போட்டு ஒட்டியிருந்தார். ஒரு ஓரம் பிரிந்திருந்தது. அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினேன்.

மறுநாள் ஏழு மணி வகுப்பில் அந்த நான்கு பெண்கள் முன் வரிசைக்கு வந்திருந்தார்கள்.