‘பட்டார்கள்’, ‘பட்டார்கள்’ என்று எழுதிப் புள்ளி இழந்த கதை

மெல்பேர்ணில் சமூகப் பணி முதுகலை படித்தபோது, அவுஸ்திரேலியப் பூர்வகுடி மக்களும் அரச கொள்கையும் என்று ஒரு கட்டாயப் பாடம் வந்தது. வரலாறுதானே, பாடமாக்கினால் போதும் என்று நினைத்தேன். ஏ.எல். வரலாற்றுக்கு ஆண்டுகளை வரிசையாகப் பாடமாக்கி ‘ஏ’ எடுத்த திமிர் அது. முதல் கட்டுரைக்கு நூற்றுக்கு 54 வந்தது.

கட்டுரையில் தகவல் பிழை ஒன்றுகூட இல்லை. அதுதான் எனக்கு எரிச்சல். விரிவுரையாளர் விளக்கம் அதிகம் எழுதவில்லை. என் வினைச்சொற்களில் பலவற்றை மட்டும் சிவப்பு மையால் வட்டம் போட்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லிப் பார்த்தபோதுதான் விளங்கியது. மக்கள் ஒதுக்கிடங்களில் அடைக்கப்பட்டார்கள், பிள்ளைகள் பிரிக்கப்பட்டார்கள், உரிமைகள் வழங்கப்பட்டன, நிலம் திருப்பிக் கொடுக்கப்பட்டது. நான்கு பக்கத்திலும் எதையாவது செய்தது அரசாங்கம் மட்டுமே. பூர்வகுடி மக்கள் எங்கேயும் எழுவாயாக வரவில்லை. கேள்வியோ அவர்களின் தலைமைத்துவம் பற்றியது!

இந்தப் பாடத்தை எடுக்கப்போகிற தம்பி தங்கச்சிமாருக்கு நான் சொல்லக்கூடியது பெரும்பாலும் இந்த ஒரு பிழையைப் பற்றித்தான்.

இரண்டாவது கட்டுரைக்குக் கம்மரகஞ்சாவை எடுத்தேன். நியூ சவுத் வேல்ஸ் பக்கம், மரே ஆற்றங்கரையில் இருந்த யோர்ட்டா யோர்ட்டா மக்களின் குடியிருப்பு. பழைய முறையில் எழுதியிருந்தால் ‘1909ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், பூர்வகுடி மக்களை நிர்வகித்த மாநில அரசின் பாதுகாப்புச் சபையால் கட்டுப்படுத்தப்பட்டார்கள்’ என்று ஒரு வரியில் முடித்திருப்பேன். இந்த முறை, ஒவ்வொரு கட்டத்திலும் அந்த மக்கள் என்ன செய்தார்கள் என்று தேடினேன். அவர்கள் காட்டைத் துப்புரவாக்கிப் பயிர் செய்தார்கள். பிறகு சபை அந்தக் காணிகளை அவர்களிடமிருந்து எடுத்துக்கொண்டது. 1915இல் சட்டத்தைத் திருத்தி, நீதிமன்றத்துக்குப் போகாமலே பிள்ளைகளைக் கொண்டுபோகும் அதிகாரத்தைச் சபை பெற்றது. 1939 பெப்ரவரியில், மோசமான உணவுப் பங்கீட்டையும் முகாமையாளரின் கெடுபிடியையும் இனிப் பொறுப்பதில்லை என்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்டோர் மூட்டை முடிச்சோடு வெளியேறினார்கள். ஆற்றைக் கடந்தால் விக்டோரியா மாநிலம். நியூ சவுத் வேல்ஸ் சபையின் கை அங்கே எட்டாது. அக்கரையில், பார்மா பக்கம், கூடாரம் அடித்து இருந்தார்கள். மக்களை வெளியேறத் தூண்டியதாகப் பூர்வகுடி உரிமைப் போராளி ஜாக் பேட்டன் கைதானார்.

இதை வெறும் துயரக் கதையாக எழுதாதீர்கள். எந்த அதிகாரம் எந்த எல்லையோடு நிற்கிறது என்று அறிந்து, அந்த எல்லையைத் தாண்டிப் போன அரசியல் முடிவு இது. நான் அப்படி எழுதிய பத்தியின் ஓரத்தில்தான் அந்த செமஸ்டரின் முதல் ‘சரி’ விழுந்தது.

அதே மக்களைச் சேர்ந்தவர் வில்லியம் கூப்பர். ஒதுக்கிடத்தில் இருந்தால் முதியோர் ஓய்வூதியம் கிடையாது என்பதால் 1933இல், எழுபதைத் தாண்டிய வயதில், மெல்பேர்ணின் ஃபுட்ஸ்கிரேக்கு வந்தார். வந்தவர் சும்மா இருக்கவில்லை. அரசருக்கு ஒரு மனு எழுதி 1,814 கையொப்பங்கள் சேர்த்தார். அந்த மனு கேட்டவற்றில் ஒன்று, நாடாளுமன்றத்தில் தங்கள் சார்பில் பேச ஓர் உறுப்பினர். அமைச்சரவை அதை அரசருக்கு அனுப்புவதில்லை என்று முடிவெடுத்தது. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். நாடாளுமன்றத்துக்குத் தங்கள் ‘குரல்’ வேண்டும் என்று பூர்வகுடி மக்கள் கேட்ட 2017 உளுரு பிரகடனத்தைப் பற்றிக் கேள்வி வந்தால் பதிலை 2017இல் தொடங்கத் தேவையில்லை. 1938 ஜனவரி 26, வெள்ளையர் வந்து 150 ஆண்டு என்று சிட்னி கொண்டாடிய நாளில், ஜாக் பேட்டனும் வில்லியம் ஃபெர்குசனும் அதே நகரில் துக்க நாள் கூட்டம் நடத்தினார்கள் என்பதையும் இதோடு சேர்த்து எழுதலாம். கூப்பரும் அங்கே இருந்தார்.

இனி ‘சுயநிர்ணயம்’. எங்கட ஆட்கள் சறுக்கும் இடம் இது. நான் சறுக்கியது நிச்சயம். இலங்கைத் தமிழருக்கு இந்தச் சொல் வெறும் சொல்லில்லை. வட்டுக்கோட்டைத் தீர்மானமும் திம்புப் பேச்சுவார்த்தையும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். கேட்டவுடன் தனிநாடு, சமஷ்டி என்று தலை ஓடும். முதல் கட்டுரையில் அந்த அர்த்தத்தை அப்படியே கொண்டுபோய் வைத்திருந்தேன். அவுஸ்திரேலியாவில் கேட்கப்பட்டது பெரும்பாலும் வேறு: நிலம், அரசோடு ஒப்பந்தம், தங்கள் மருத்துவமனையையும் சட்ட உதவியையும் தாங்களே நடத்துவது, தங்களைப் பற்றிய சட்டத்தில் தங்கள் சொல்லுக்கு இடம். அரசுக்கு இறைமையை ஒருபோதும் விட்டுக்கொடுக்கவில்லை என்ற வாதமும் உண்டு, அதையும் எழுத வேண்டும். ஆனால் எங்கள் வரலாற்றின் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு எழுத வேண்டும்.

சொற்பொறி இன்னொன்றும் உண்டு. விட்லம் அரசு 1972 டிசம்பரில் பதவிக்கு வந்து சுயநிர்ணயம் என்று சொன்னது. பிறகு வந்த ஃபிரேசர் அரசு சுயமுகாமைத்துவம் என்று மாற்றியது. இரண்டும் ஒன்றல்ல. முதலாவதில் என்ன வேண்டும் என்பதை மக்கள் தீர்மானிக்க வேண்டும். இரண்டாவதில் அரசு தீர்மானித்ததை அவர்கள் நடத்திக் கொடுத்தாலே போதும் என்று ஆகிவிடலாம். நடைமுறையில் விட்லம் காலத்திலும் பணப்பை அரசின் கையில்தான் இருந்தது என்று ஒரு வரி சேர்த்தால் நீங்கள் யோசித்து எழுதியது தெரியும். 1990இல் தொடங்கிய அட்சிக் (பூர்வகுடி, டொரெஸ் நீரிணைத் தீவு மக்களின் ஆணைக்குழு) இதற்கு நல்ல உதாரணம். அதன் உறுப்பினர்களைப் பூர்வகுடி மக்களே தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் 2005இல் நாடாளுமன்றம் ஒரு சட்டத்தால் அதைக் கலைத்துவிட முடிந்தது.

ஆண்டுகளைப் பாடமாக்குவது வீண் என்று நான் சொல்லவில்லை. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். சுவரில் ஒரு நீளக் கடதாசி ஒட்டி, மேலே அரசு செய்தது, கீழே மக்கள் செய்தது என்று இரண்டு வரிசை எழுதினேன். கீழ் வரிசையில்: 1963, யிர்கலாவில் யொல்ங்கு மக்கள் பொக்சைட் சுரங்கத்துக்கு எதிராக மரப்பட்டையில் ஒட்டி அனுப்பிய மனு. 1966 ஓகஸ்ட், வேவ் ஹில் கால்நடைப் பண்ணையிலிருந்து வின்சென்ட் லிங்கியாரியின் தலைமையில் குரிஞ்ஜி மக்கள் வேலையை விட்டு வெளியேறியது. 1971, சிட்னியின் ரெட்ஃபெர்னில் பூர்வகுடி மக்களே தொடங்கிய மருத்துவ சேவை. 1972 ஜனவரி 26, கன்பராவில் பழைய நாடாளுமன்றத்தின் முன் புல்வெளியில் நில உரிமை கேட்டு எழுந்த கூடாரத் தூதரகம். மேல் வரிசையில் ‘சுயநிர்ணயக் கொள்கை’ அதற்குப் பிறகு, அந்த ஆண்டின் கடைசியில்தான் வருகிறது. கடதாசியைப் பார்த்துக்கொண்டு தேத்தண்ணி குடிக்கும்போது ஒரு நாள் திடீரென்று உறைத்தது: மக்கள் முதலிலேயே செய்யத் தொடங்கிவிட்டார்கள், கொள்கை பின்னால் வந்து பெயர் வைத்தது. சோதனையில் என் முழுப் பதிலையும் தாங்கிய வாதம் அந்தக் கடதாசியிலிருந்துதான் வந்தது.

1967 வாக்கெடுப்பைப் பற்றிக் கட்டாயம் கவனம். பூர்வகுடி மக்களுக்கு வாக்குரிமை கொடுத்தது அது என்று வகுப்பில் பாதிப் பேர் எழுதினோம். மத்திய தேர்தல்களில் வாக்குரிமை 1962லேயே வந்துவிட்டது. 1967இல் 90.77 வீதமானோர் ஆம் என்று சொல்லி மாற்றியது, அவர்களுக்காகச் சட்டம் இயற்ற மத்திய அரசுக்கு அதிகாரம் கொடுப்பதையும் மக்கட்தொகைக் கணக்கில் அவர்களைச் சேர்ப்பதையும்தான். அந்த அதிகாரம் நன்மைக்கு மட்டும் என்று அரசியலமைப்பில் எங்கும் எழுதவில்லை.

அடுத்து, 2007 வடக்குப் பிரதேசத் தலையீடு. பிள்ளைகள் மீதான துஷ்பிரயோகம் பற்றிய ஒரு விசாரணை அறிக்கையைக் காரணம் காட்டி ஜூன் 21 அன்று மத்திய அரசு இதை அறிவித்தது. இராணுவத்தினரை அனுப்பியது, நலன்புரிக் கொடுப்பனவில் பாதியைக் கட்டுப்படுத்தியது, இனப் பாகுபாட்டுச் சட்டத்தை அதற்காக இடைநிறுத்தியது. அந்த அறிக்கையின் முதலாவது பரிந்துரையே, மக்களோடு உண்மையாகக் கலந்தாலோசித்துத் திட்டங்களை அமைக்க வேண்டும் என்பதுதான். அறிக்கையை நேரே எடுத்து முதல் பரிந்துரையை மட்டுமாவது வாசியுங்கள். அதே செப்டெம்பரில் பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனத்துக்கு எதிராக வாக்களித்த நான்கு நாடுகளில் அவுஸ்திரேலியாவும் ஒன்று. 2009இல்தான் ஆதரித்தது.

ஆனால் பூர்வகுடித் தலைவர்கள் எல்லோரும் ஒரே குரலில் எதிர்த்தார்கள் என்று எழுதினால் அங்கேயும் புள்ளி போகும். தலையீட்டை நோயல் பியர்சன் ஆதரித்தார். உளுரு பிரகடனம் கேட்ட ‘குரலை’ அரசியலமைப்பில் சேர்ப்பதா என்ற 2023 ஒக்டோபர் 14 வாக்கெடுப்பில் மேகன் டேவிஸும் பியர்சனும் ‘ஆம்’ பக்கம். ஜசிந்தா நம்பிஜின்பா பிரைஸ் ‘இல்லை’ பக்கம். லிடியா தோர்ப்பும் ‘இல்லை’ பக்கம்தான், ஆனால் முற்றிலும் வேறு காரணத்துக்காக, முதலில் ஒப்பந்தம் வேண்டும் என்று. நாட்டில் ஏறத்தாழ 60 வீதத்தினர் இல்லை என்றார்கள். எங்கள் கோயில் நிர்வாகக் கூட்டத்திலேயே மூன்று அணி இருக்கும்போது, ஒரு கண்டத்து மக்களுக்கு ஒரே கருத்து இருக்கும் என்று நான் ஏன் நினைத்தேனோ தெரியாது.

மரியாதை முறையில் எங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. மூத்தோரை அவர்கள் அன்ரி, அங்கிள் என்று அழைப்பார்கள், உறவுக்காரர் இல்லாவிட்டாலும். வெள்ளைக்கார வகுப்புத் தோழர்கள் தயங்கினார்கள். எனக்கு வாயில் தானாக வந்தது. விருந்தினராக வந்த ஓர் அன்ரி எந்த நாடு என்று கேட்டார். இலங்கை என்றேன். அதில்லை, எந்த மண் என்றார். புங்குடுதீவு என்று சொன்ன பிறகுதான் தலையாட்டினார். அவர்கள் ‘கன்ட்ரி’ என்று சொல்வதைத் தமிழில் நாடு என்று மொழிபெயர்த்துப் படித்துக்கொண்டிருந்தேன். ‘ஊர்’ என்று வைத்த பிறகு வாசித்ததெல்லாம் வேறாகத் தெரிந்தது.

சோதனை இரண்டு மணித்தியாலம், இரண்டு கேள்வி. முதலாவது, சுயநிர்ணயக் கொள்கை தோற்றுவிட்டதா என்பது. முதல் பத்து நிமிடம் எழுதாமல் இருந்தேன். ‘தோற்றது’ என்பதற்கு யார் எழுவாய் என்று கடதாசி ஓரத்தில் கேட்டு எழுதி, அரசு அதை உண்மையில் எவ்வளவு செய்து பார்த்தது என்பதிலிருந்து தொடங்கினேன். ரெட்ஃபெர்ன் மருத்துவ சேவை இன்றும் இயங்குகிறது, அட்சிக் இல்லை; இந்த இரண்டையும் எதிரெதிரே வைத்தே ஐந்து பக்கம் போனது. அந்த உற்சாகத்தில் மணிக்கூட்டைப் பார்க்க மறந்து, இரண்டாவது கேள்வியைக் கடைசி முப்பது நிமிடத்தில் அவசரமாக எழுதினேன். அதில் நிறைய ‘பட்டார்கள்’ திரும்பி வந்திருக்கும்.