மேலிருந்து பார்த்தால் கூரைதான் தெரியும்

நகரத்தின் செயற்கைக்கோள் படம் திரையில் விரிந்ததும் நகராட்சியின் சொத்து வரிப் பிரிவினர் கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்: "விட்டுப்போன கட்டடம் எத்தனை தேறும்?" கேட்பதில் நியாயம் உண்டு. பதிவேட்டில் காலி மனையாக இருக்கும் இடத்தில் மாடி வீடு நிற்பதைப் படம் காட்டிக்கொடுத்துவிடும். 2010-இல் ஏதென்ஸின் வடக்குப் புறநகர்களில் நீச்சல்குளம் இருப்பதாக வரிக்கணக்கில் காட்டியவர்கள் 324 பேர். செயற்கைக்கோள் படத்தில் எண்ணியபோது கிடைத்த குளங்கள் 16,974. இதைக் கேட்ட எந்த நகராட்சிக்கும் ஆசை வரத்தான் செய்யும்.

ஆனாலும், படத்தை மட்டும் நம்பி நோட்டீஸ் அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று படம் சொல்லும். எவ்வளவு வரி என்று அது சொல்லாது.

10 மீட்டருக்கு 12 மீட்டர் அளவுள்ள ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். பரப்பு 120 சதுர மீட்டர். ஒரு பிக்சல், அதாவது படத்தின் ஒரு புள்ளி, தரையில் அரை மீட்டரைக் குறிக்கும் படத்தில் வீட்டைச் சுற்றிக் கோடு போடுகிறவர் நான்கு பக்கமும் ஒரே ஒரு பிக்சல் வெளியே தள்ளிப் போட்டால் அது 143 ஆகிவிடும். ஏறத்தாழ 19 சதவீதம் கூடுதல். வீட்டுக்காரர் ஒரு செங்கல்கூடப் புதிதாக வைத்திருக்க மாட்டார்.

இதைவிடப் பெரிய தொல்லை சாய்வு. செயற்கைக்கோள் எப்போதும் நேர் கீழே பார்த்துப் படமெடுப்பதில்லை. 25 டிகிரி சாய்த்து எடுத்த படத்தில், 12 மீட்டர் உயரக் கட்டடத்தின் கூரை அதன் அடியிலிருந்து ஐந்தரை மீட்டர் விலகித் தெரியும். பக்கத்து மனைக்குள் போய் உட்கார்ந்துவிடும். அதனால் கூரையை வரைந்த பிறகு, அந்தப் பாலிகனை (கோட்டால் அடைத்த உருவத்தை) அப்படியே இழுத்து அடிச்சுவரோடு பொருத்த வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகளுக்கு முதலில் கற்றுக்கொடுப்பது இதைத்தான்.

மாடிக் கணக்கு இன்னொரு சிக்கல். நிழலின் நீளத்தை வைத்து உயரத்தைக் கணக்கிடலாம், நெருக்கமான தெருவில் அந்த நிழல் அடுத்த வீட்டின் மேல் விழாதிருந்தால். 2005-இல் ஏவப்பட்ட இந்தியச் செயற்கைக்கோள் கார்டோசாட்-1 இரண்டு கேமராக்களால் ஒரே இடத்தை இரு கோணங்களில் எடுத்து உயரத்தைத் தந்தது. ஆனால் 2.5 மீட்டர் பிக்சலை வைத்துக்கொண்டு இரண்டு மாடியா மூன்று மாடியா என்று அடித்துச் சொல்ல முடியாது. கீழ்த்தளத்தில் இருப்பது கடையா, குடியிருப்பா என்பதையோ கதவைத் தட்டித்தான் கேட்க வேண்டும்.

பழைய படத்தையும் புதிய படத்தையும் ஒப்பிட்டு மென்பொருள் 'புதிய கட்டடம்' என்று குறித்த இடத்துக்கு ஒருமுறை போனோம். மொட்டை மாடியில் ஒழுகலைத் தடுக்க நாலு இரும்புக் கம்பத்தின் மேல் தகரம் போட்டிருந்தார்கள். சுவர் கிடையாது. உள்ளே துணி காய்ந்துகொண்டிருந்தது. அந்தத் தெருவுக்கான பில் கலெக்டரிடம் முன்பே கேட்டிருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே சொல்லியிருப்பார்.

எனக்கு உண்மையில் ஆதங்கம் வேறு இடத்தில். வரிக்காக வாங்கிய அதே படத்தில் குளம், வாய்க்கால், மரம், திறந்தவெளி எல்லாமே இருக்கின்றன. அவற்றை யாரும் கேட்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பதிவான பட்டையையும் சேர்த்துப் பார்த்தால் இலை சிவப்பாகவும் தண்ணீர் கறுப்பாகவும் தெரியும். ஆகாயத்தாமரை மூடிய குளமோ பூங்காவைப் போலச் சிவந்து கிடக்கும். அதைப் பிரித்தறியக் கோடைப் படமும் மழைக்குப் பிந்தைய படமும் வேண்டும். 2015-இல் பறக்கத் தொடங்கிய ஐரோப்பியச் செயற்கைக்கோள் சென்டினல்-2 எடுக்கும் 10 மீட்டர் பிக்சல் படங்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. செலவைக் காரணம் காட்ட முடியாது.

நீர்நிலைகளை மட்டும் வரைந்த வரைபட அடுக்கின் மேல் கட்டடங்களை வரைந்த அடுக்கை வைத்தால், விட்டுப்போனவை என்று நாம் கண்டுபிடித்தவற்றில் சில வாய்க்காலுக்குள்ளேயே நிற்பது தெரியும். அவற்றுக்கும் வரி எண் கொடுத்துவிட்டால் அந்த ரசீதையே உரிமைக்குச் சான்றாக நீட்டுவார்கள். வாய்க்கால் திரும்பக் கிடைக்காது. அதனால் எந்தப் பட்டியலும் வரிப் பிரிவுக்குப் போகும் முன் நீர்நிலை அடுக்கோடு ஒத்துப்பார்க்கச் சொல்கிறேன். உள்ளே விழுபவை தனிக் கோப்பாக நில அளவையரிடம் போக வேண்டும். வசூல் தாமதமாகிறது என்று ஒவ்வொரு கூட்டத்திலும் ஆட்சேபம் வருகிறது. இந்த ஒரு படியை மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.