முதல் வாழ்த்து அட்டை

காலையிலிருந்து ஃபோனில் கிறிஸ்துமஸ் வாழ்த்துகள் குவிந்துகொண்டே இருக்கின்றன. பதில் போட்டு மாளவில்லை.

1843இல் லண்டனில் ஹென்றி கோல் என்ற அரசு அதிகாரிக்கும் இதே பாடுதான். தபால் கட்டணம் ஒரு பென்னிக்கு இறங்கியிருந்த காலம், அதனால் கடிதங்கள் குவிந்தன. எல்லாருக்கும் தனித்தனியாக எழுத நேரமில்லை. ஓவியர் ஹார்ஸ்லியிடம் படம் வரையச் சொல்லி 1,000 பிரதிகள் அச்சடித்தார். பெயரை மட்டும் எழுதி அனுப்பினால் போதும்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டை வந்தது அப்படித்தான்!

படத்தின் நடுவில் ஒரு குடும்பம் மதுக் கோப்பையை உயர்த்துகிறது. ஒரு சின்னப் பெண்ணும் குடிக்கிறாள். மதுவிலக்குக்காரர்கள் கொதித்துப்போனார்கள்.

என் கண் போனது ஓரங்களுக்குத்தான். ஒருபுறம் பசித்தவர்களுக்கு உணவு, மறுபுறம் ஏழைகளுக்கு ஆடை. வாழ்த்தோடு இதையும் வரையத் தோன்றியதே, அந்த மனசு எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.